துளை எண் ஏழு

கோர்வெய்ராத் துறைமுகத்தை யாரும் கட்டவில்லை.
பொறியாளர்கள் இதைச் சொல்லும்போது
குரலில் சின்னதாக ஒரு பொறாமை.
ஆறு அறுத்துவைத்த பள்ளத்தில்
கடல் ஏறிவந்து படுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.
வாசலில் ஒரு தீவு. புயல் அதில் முட்டித் திரும்பும்.
உள்ளே, சனவரியிலும்,
விளிம்புவரை ஊற்றிய காப்பி தளும்பாது.

நான் மண் எடுக்க வந்தவன்.
கொள்கலன் கப்பலுக்குப் பதினாறு மீட்டர் வேண்டும்.
இருப்பது பதினொன்று.
மிச்சம் ஐந்தில் என்ன கிடக்கிறது என்று
எழுதிக் கொடுக்கக் கூலி.

மிதவையில் மூன்று பேர்.
துளைக்கருவி எலிசெயோவிடம்.
குழாயில் ஏறிவரும் சேற்றை நீளவாக்கில் பிளந்து
தட்டில் கிடத்துபவள் தோசிந்தா.
சேறு முதலில் நாறும், பிறகு பேசும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"நாறுவதும் பேச்சுதான்."

மேலே ஒரு முழம் சிப்பி ஓடு,
கயிறு தொங்கவிட்டு வளர்ப்பவர்கள்
நேற்றுவரை உதறியது.
அடியில் எங்கோ ஒரு விரற்கடை கறுப்பு:
ஹவானா போன கப்பல்கள் இங்கே கரி ஏற்றின.
கூடை சுமந்த பெண்களுக்குக் கணக்கேடு இல்லை.
சிந்தியது இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே தகரம்.
தகரம், தகரம், தகரம்,
பிறை பிறையாய் நறுக்கி எறிந்த விளிம்புகள்.
தெக்ஸிதோர் ஆலையின் புறவாசல்
இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் திறந்தது.
மத்தி வந்தால் சங்கு ஊதும்.
இரவு இரண்டானாலும்,
பிள்ளை வாயில் முலை இருந்தாலும்,
கட்டைச் செருப்புகள் சரிவில் தடதடக்கும்.
மீன் காத்திருக்காது என்பார் முதலாளி.
கூலி சனிக்கிழமை வரை காத்திருக்கும்.

தலை கிள்ள, குடல் உருவ, அடுக்க,
எண்ணெய் ஊற்றப் பெண்கள்.
மூடி பற்றவைக்க ஆண்கள்:
ஈயப்புகை குடித்து நாளுக்கு அறுநூறு டப்பா,
ஞாயிறானால் தொப்பியும் கடிகாரச் சங்கிலியும்.

சேற்றுக்குள் மூன்றே கால் மீட்டரில்
குழாய் நின்றது.
"பாறையா?"
"பாறை இப்படி அலறாது," எலிசெயோ விசையை அணைத்தான்.
நுனியில் வார்ப்பிரும்புச் சீவல்.
அதன் ஒரு பக்கம் பச்சைப் பெயிண்ட், இன்னும்.

கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும்,
எனக்குத்தான் தெரியாது.
ஹாம்பர்கிலிருந்து ஏழு மூடி இயந்திரங்கள் வந்தனவாம்.
நிமிடத்துக்கு முப்பது டப்பா. ஈயம் வேண்டாம்.
ஒரு சிறுமி மிதித்தால் போதும்.
ஒரு ஞாயிறு விடிந்தபோது மூன்றுதான் இருந்தன.
காவலர்கள் வந்து விசாரித்தார்கள்.
பற்றவைப்பவர்கள் தொப்பியைக் கழற்றி
"கடலிடம் கேளுங்கள்" என்றார்களாம்.

அடுத்த வசந்தத்தில் பதினொன்று வந்தன,
துப்பாக்கியோடு.

எலிசெயோ இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வான்.
எல்லாரும் நிறுத்தும் இடம் இதுதான் என்றாள் தோசிந்தா.
கூலிப் புத்தகத்தை அவள் பார்த்திருக்கிறாள்:
பால்பினா லொரென்சோ, பன்னிரண்டு வயது,
மூடி இயந்திரம், அரைக் கூலி.
அந்த அரைக்காக ஒரு தொப்பியும் கழலவில்லை.
பால்பினா எதையும் தூக்கி எறியவில்லை.
புறவாசல் வழியே அவளுடையதாகப் போனது
ஒரு விரல் நுனி,
குடலோடு குடலாக.

ஆய்வுக்கூடத் தாள் வெள்ளிக்கிழமை வந்தது.
ஈயம்: வரம்பைப்போல ஒன்பது மடங்கு.
இந்தச் சேற்றைக் கடலில் கொட்டக்கூடாது,
கரையில் கொட்ட எவனும் விடமாட்டான்.
முனையம் ஓராண்டு தள்ளிப்போகும்,
அல்லது இரண்டு.
தொலைபேசியில் மாட்ரிட் கத்தியது.

அறிக்கையில் நான் எழுதியது:
துளை ஏழு. தடை. உலோகம்.
இரண்டு மீட்டர் கிழக்கே மறுபடி இடப்பட்டது.

கிழக்கே எதுவும் மறிக்கவில்லை.
குழாய் அடிவரை இறங்கி
நீலக் களிமண்ணோடு வந்தது,
சோப்புப்போல வழுவழுப்பாய்,
மனிதன் வருமுன்னே படிந்தது.
தோசிந்தா கையுறையைக் கழற்றி
அதில் ஒரு விரலை அழுத்தி எடுத்தாள்.
விதிப்படி, மாதிரியைக் கெடுப்பது.
அதை நான் எழுதவில்லை.